கணவனும் மனைவியும் சேர்ந்தே தீர்க்க வேண்டிய நோய்: கிளமிடியா



இந்தப் பிரசுரத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். ஒருவருக்குப் படிக்க வராவிட்டால் மற்றவர் படித்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் தூங்கின பிறகு படித்தாலும் சரி. இதில் அருவருப்பான சங்கதி எதுவும் இல்லை. உடம்பைப் பற்றியும், குடும்பத்தைப் பற்றியும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான் இருக்கிறது.

நம் காஞ்சிபுரம் பக்கத்தில் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் ஒரு பெண், அடிவயிறு வலிக்கிறது என்று சொன்னால், "நாள் பூரா குழியில உட்கார்ந்தா வலிக்காம என்ன செய்யும்?" என்கிறோம். வெள்ளை படுகிறது என்று சொன்னால், "உடம்பு சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்கிறோம். ஆண்களுக்கு நீர் பிரியும்போது எரிந்தால், "வெயில்ல அலைஞ்சது, ரெண்டு இளநீர் குடிச்சா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம்.

சில சமயம் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் எல்லா எரிச்சலும் சூட்டினால் வருவதில்லை. எல்லா அடிவயிற்று வலியும் தறியினால் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி உள்ளே புகுந்து மாதக்கணக்கில் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கலாம். அப்படிப்பட்ட கிருமிகளில் முக்கியமான ஒன்றுதான் கிளமிடியா. மாத்திரையாலேயே பூரணமாகக் குணமாகக் கூடிய நோய் இது. ஆனால் கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் போதாது. இதைத்தான் இந்தப் பிரசுரம் விளக்குகிறது.

இது என்ன நோய்?

கிளமிடியா என்பது உடலுறவின் மூலம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் பால்வினை நோய். முன்பெல்லாம் மேக நோய், வெட்டை என்று பொதுவாகச் சொன்ன பல வியாதிகள் ஒரே வியாதி அல்ல. ஒவ்வொன்றுக்கும் கிருமி வேறு, மருந்து வேறு. அவற்றில் ஒன்று இது.

இந்தக் கிருமியை 1907-ஆம் ஆண்டு ஜாவா தீவில் ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாசெக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அவர்கள் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது டிரக்கோமா என்ற கண் நோயை. ஒரு காலத்தில் நம் நாட்டில் எத்தனையோ பேருடைய பார்வையைப் பறித்த நோய் அது. அதே கிருமியின் வேறு வகைதான் பிறப்புறுப்பிலும் தங்கி நோய் உண்டாக்குகிறது. டிரக்கோமாவை நம் நாடு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது. சுத்தமும் மருந்தும் மக்களின் ஒத்துழைப்பும் சேர்ந்தால் இந்தக் கிருமியை வெல்ல முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

இந்தக் கிருமிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. மற்றக் கிருமிகளைப் போல் வெளியில் நின்று பெருகுவதில்லை. நம் உடம்பின் அணுவுக்குள்ளேயே புகுந்துகொண்டு, இரண்டு மூன்று நாளில் அங்கேயே பெருகி, அந்த அணுவை உடைத்துக்கொண்டு பக்கத்து அணுக்களுக்குப் போகிறது. உள்ளே மறைந்திருப்பதால் சாதாரண மைக்ராஸ்கோப் பரிசோதனையில் எளிதில் அகப்படுவதில்லை. நமக்கும் பெரிய தொந்தரவாகத் தெரிவதில்லை.

இது அபூர்வமான நோயும் அல்ல. 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ளவர்களில் சுமார் 12 கோடியே 90 லட்சம் புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆகவே இந்த நோய் வந்தவர், ஊரில் தனக்கு மட்டும் வந்துவிட்டதாக எண்ணி மனம் ஒடிய வேண்டியதில்லை.

எப்படிப் பரவுகிறது? எப்படிப் பரவாது?

கிருமி உள்ள ஒருவருடன் ஆணுறை இல்லாமல் உடலுறவு கொள்வதால் பரவுகிறது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவலாம்.

கீழ்க்கண்டவற்றால் பரவாது:

ஒரே தறியில் உட்கார்ந்து வேலை செய்வதால் பரவாது. ஒரே தட்டில் சாப்பிடுவதால், ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பதால் பரவாது. ஏரியிலோ குளத்திலோ குளிப்பதால் பரவாது. பொதுக் கழிப்பறை, பஸ் இருக்கை, துணிமணி இவற்றால் பரவாது. கொசுவாலும் பரவாது. சூட்டினாலோ, உணவுப் பத்தியம் தவறியதாலோ இந்த நோய் வருவதில்லை.

எனவே நோய் வந்தவரைத் தனியாகப் படுக்க வைப்பது, பாத்திரத்தை ஒதுக்குவது, சமையலறைக்குள் வரக்கூடாது என்பது எல்லாம் தேவையற்ற கொடுமை.

அறிகுறிகள்

முதலில் ஒரு முக்கியமான செய்தி. கிருமி தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கும், ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும் எந்த அறிகுறியுமே தெரிவதில்லை. அறிகுறி தெரிந்தால் பெரும்பாலும் தொற்றி 1 முதல் 3 வாரத்துக்குள் தெரியும்.

பெண்களுக்கு:
1. வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்பாடு. மஞ்சளாகவோ, சீழ் போலவோ, துர்நாற்றத்துடனோ இருக்கலாம்.
2. நீர் பிரியும்போது எரிச்சல்.
3. உடலுறவின்போது வலி, அல்லது அதன் பிறகு இரத்தம் படுதல்.
4. இரண்டு மாதவிலக்குக்கு இடையில் இரத்தம் படுதல்.
5. அடிவயிற்றில் வலி, சில சமயம் காய்ச்சல்.

ஆண்களுக்கு:
1. நீர் பிரியும்போது எரிச்சல் அல்லது குறுகுறுப்பு.
2. ஆண்குறியின் நுனியில் தெளிவாகவோ வெள்ளையாகவோ சிறிது கசிவு. காலையில் எழுந்தவுடன் உள்ளாடையில் கறையாகத் தெரியலாம்.
3. விரையில் வலி, வீக்கம்.

தாய்மார்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைப்பாடு எல்லாமே நோய் அல்ல. மாதவிலக்குக்கு முன்னும், இரண்டு விலக்குக்கு நடுவிலும், கர்ப்ப காலத்திலும் நிறமில்லாமல், நாற்றமில்லாமல், அரிப்பில்லாமல் கொஞ்சம் படுவது இயற்கை. நிறமோ, அளவோ, நாற்றமோ மாறினாலும், அரிப்பு, எரிச்சல், வலி சேர்ந்துகொண்டாலும் காட்ட வேண்டும். நோயான வெள்ளைப்பாடும் எல்லாமே உடலுறவால் வருவதல்ல. அதிலும் பல வகை உண்டு. எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். மாமியாரோ பக்கத்து வீட்டுக்காரரோ தீர்ப்புச் சொல்லக்கூடாது.

சொல்லாமல் பொறுத்துக்கொள்வது நம் பெண்களின் பழக்கம். மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் ராணி பங் என்ற பெண் மருத்துவரும் அவருடன் பணி செய்தவர்களும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989-ஆம் ஆண்டு அதன் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பெண்களில் 100-க்கு 92 பேருக்கு ஏதேனும் ஒரு பெண்கள் நோயோ பால்வினை நோயோ இருந்தது. ஆனால் அதற்கு முன் டாக்டரிடம் அப்படி ஒரு பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100-க்கு 8 பேர் மட்டுமே. மற்றவர்கள் எல்லாம் வலியோடேயே கழனி வேலையும் வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கழனி என்றால் இங்கே தறி. வேறு வித்தியாசம் அதிகம் இல்லை.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

பெண்ணின் கருப்பையின் இரண்டு பக்கமும் இரண்டு கருக்குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு அங்குல நீளம். கருப்பையோடு சேரும் இடத்தில் உள்துளை ஓர் ஊசி நுழையும் அளவுதான் இருக்கும். கருமுட்டையும் ஆணின் விந்தணுவும் சேருவது இந்தக் குழாயில்தான். சேர்ந்த கரு மெல்ல நகர்ந்து கருப்பைக்குள் வந்து தங்க வேண்டும்.

கிளமிடியா கிருமி கருப்பை வாயிலிருந்து மேலே ஏறினால் இந்தக் குழாயில் அழற்சி உண்டாகிறது. சிகிச்சை பெறாத பெண்களில் சுமார் 100-க்கு 10 முதல் 15 பேருக்கு இப்படி மேலே ஏறுகிறது. புண் ஆறும்போது தழும்பு விழுகிறது. நம் கையில் காயம் ஆறித் தழும்பு விழுந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. ஊசித் துளை போன்ற குழாயில் தழும்பு விழுந்தால் வழியே அடைபட்டுப் போகும்.

இரண்டு குழாயும் அடைபட்டால் இயற்கையாகக் கரு உண்டாவது அரிதாகிவிடும். பாதி அடைபட்டால் அதைவிட ஆபத்தும் உண்டு: கரு கருப்பைக்கு வர முடியாமல் குழாயிலேயே தங்கி வளர ஆரம்பிக்கும். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் இரத்தம் கொட்டி உயிருக்கே ஆபத்து. விலக்குத் தள்ளிப்போன ஒரு பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியோ, இரத்தம் படுதலோ, மயக்கமோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கர்ப்பிணிக்கு இந்த நோய் இருந்தால் பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றலாம். பிறந்த 5 முதல் 12 நாளுக்குள் குழந்தையின் கண் சிவந்து, வீங்கி, சீழ் வடியும். ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் இருமலும் நிமோனியாவும் வரலாம். குழந்தையின் கண்ணில் சீழ் கண்டால் தாய்ப்பாலையோ விளக்கெண்ணெயையோ விட்டுப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆண்களுக்கு விரைப் பகுதியில் அழற்சி ஏற்படலாம். சிலருக்குக் குழந்தைப் பேற்றுத் திறன் பாதிக்கப்படலாம்.

இன்னொன்றும் உண்டு. கிளமிடியாவால் அழற்சி கண்ட உறுப்பின் வழியாக எச்.ஐ.வி. கிருமியும் எளிதாகப் புகுந்துவிடும். நம் நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ஆம் ஆண்டு, நம் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் முயற்சியால்தான். அன்று அந்த நோயின் பெயரைச் சொல்லவே பயந்தோம். பேசப் பேசத்தான் பயம் தெளிந்தது, பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் மக்கள் வந்தார்கள். கிளமிடியா பற்றியும் அதே போல் பேசப் பழக வேண்டும்.

பிள்ளை இல்லாத குறை யாருடையது?

கோயில்கள் நிறைந்த ஊர் நம்முடையது. கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியும் வயிறு திறக்காவிட்டால் நேர்ந்துகொள்கிறோம், விரதம் இருக்கிறோம். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கூடவே கணவனும் மனைவியும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்கும் போங்கள். பெண்ணை மட்டும் ஊர் ஊராக அழைத்துப் போய்க் காட்டுவதும், "மலடி" என்று பேசுவதும், வேறு கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதும் பெரிய அநியாயம். குறை இருவரில் யாரிடமும் இருக்கலாம். ஆணின் விந்துப் பரிசோதனை வலியில்லாதது, சீக்கிரம் முடிந்துவிடும். அதை முதலிலேயே செய்துகொள்ள வேண்டும். பெண்ணுக்குத் தேவைப்பட்டால் கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்து அடைப்பு உண்டா என்று பார்ப்பார்கள்.

மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் ஏற்கெனவே விழுந்துவிட்ட தழும்பை அதனால் அழிக்க முடியாது. அதனால்தான் முதல் வெள்ளைப்பாட்டிலேயே, முதல் எரிச்சலிலேயே வாருங்கள் என்று சொல்கிறோம்.

"யாரால் வந்தது?"

கிராமக் கூட்டங்களில் எங்களிடம் தனியாக வந்து தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்வி இது. மழுப்பாமல் பதில் சொல்கிறோம்.

உடலுறவால் பரவும் நோய்தான் இது. ஆனால் அறிகுறியே இல்லாமல் மாதக்கணக்கில், சிலரிடம் ஒரு வருஷத்துக்கு மேலும் உள்ளே இருக்கக் கூடியது. ஆகவே எப்போது வந்தது, கல்யாணத்துக்கு முன்பா பின்பா, யாரிடமிருந்து யாருக்கு என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. முதலில் அறிகுறி கண்டவர்தான் கொண்டு வந்தவர் என்பதும் இல்லை. மனைவிக்கு வெள்ளை பட்டு, கணவனுக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தால், கிருமி மனைவியிடமிருந்துதான் வந்தது என்று முடிவு கட்டுவது தவறு.

வேலைக்காக வெளியூரில் தங்கும் காலத்திலோ, கல்யாணத்துக்கு முன்போ யாரிடமாவது தவறிப் போயிருந்தால், அதை மறைத்துக்கொண்டு இருப்பதால் நோய் போய்விடாது. ஊராரிடம் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்பது மருந்து கொடுப்பதற்காகத்தான், தண்டனை கொடுப்பதற்காக அல்ல. சொன்னது வெளியே போகாது.

சண்டை போட்டு மனைவியைத் தாய் வீட்டுக்கு அனுப்பினால் கிருமியும் அவளோடு போகும். கணவனிடமும் இருக்கும். இருவருக்கும் சிகிச்சை நின்று போகும். மற்றதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் மருந்து.

எப்படிச் சொல்வது என்று தயங்குகிறவர்கள் இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"என்னங்க, டாக்டரம்மா நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணா வரச் சொல்லியிருக்காங்க. ஏதோ கிருமியாம். மாத்திரையில சரியாயிடுமாம். எனக்கு மட்டும் குடுத்தா திரும்பவும் வந்துடுமாம்."

கணவன் சொல்வதானால்: "எனக்குக் கொஞ்ச நாளா எரிச்சல் இருந்துச்சு, காட்டினேன். உன்னையும் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாரு. நாளைக்கு ஒருவேளை தறியை நிறுத்திட்டுப் போய்ட்டு வந்துடலாம்."

சிகிச்சை

கோர்வைப் புடவை நெய்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்க, மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவர் எவ்வளவு கைகாரராக இருந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர ஒரு துணை ஆள் இல்லாமல் கோர்வை விழாது. இந்த வைத்தியமும் அப்படித்தான். மனைவி மட்டும் மருந்து சாப்பிட்டால் அவள் குணமாவாள். அடுத்த வாரமே கணவனிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வாள். பிறகு கணவன் சாப்பிடுவான். மனைவியிடமிருந்து திரும்ப வரும். பணமும் நாளும் வீணாகி, "மருந்தே கேக்கலை" என்ற பேர்தான் மிஞ்சும். ஆகையால் இருவரும் ஒரே சமயத்தில் சாப்பிட வேண்டும். அறிகுறி இல்லாதவரும் சாப்பிட வேண்டும்.

இதற்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் மருந்துகள் இரண்டு. ஒன்று டாக்சிசைக்கிளின்: தினம் இரண்டு வேளை, ஏழு நாள். மற்றொன்று அசித்ரோமைசின்: ஒரே வேளையில் சாப்பிடுவது. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். கர்ப்பிணிகளுக்கு டாக்சிசைக்கிளின் கொடுப்பதில்லை. ஆகவே விலக்குத் தள்ளிப்போயிருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

மருந்து சாப்பிடும்போது கவனிக்க வேண்டியவை:

1. இரண்டு நாளில் எரிச்சல் நின்றுவிட்டது என்று மீதி மாத்திரையை அலமாரியில் வைக்காதீர்கள். கிருமி அணுவுக்குள் ஒளிந்திருப்பது. முழு நாளும் சாப்பிட்டால்தான் ஒழியும்.
2. டாக்சிசைக்கிளினை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியவுடன் படுக்கக் கூடாது, நெஞ்செரிச்சல் வரும்.
3. இரும்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் சாப்பிடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.
4. இருவரும் மருந்து முடிக்கும் வரை உடலுறவு வேண்டாம். ஒரே வேளை மருந்தாக இருந்தால் சாப்பிட்ட பிறகு ஏழு நாள் பொறுக்க வேண்டும்.
5. மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு முறை காட்டுங்கள். ஒரு முறை குணமானவருக்கு மறுபடி வராது என்பது இல்லை. அம்மை போல இது ஒரு தடவையோடு போவதல்ல.
6. உங்கள் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்காதீர்கள். அவர் மாத்திரையை நீங்கள் சாப்பிடாதீர்கள்.

வெட்டை நோயான கொனோரியாவும் கிளமிடியாவும் பல சமயம் ஒன்றாகவே இருக்கும். ஒன்றுக்கான மருந்து மற்றதைத் தீர்க்காது. அதனால் டாக்டர் இரண்டுக்கும் சேர்த்து மருந்து கொடுக்கலாம். "எதுக்கு இத்தனை மாத்திரை?" என்று பாதியைத் தள்ளிவிடாதீர்கள்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் லாட்ஜ் வாசலிலும் "ரகசிய நோய்களுக்கு ஒரே வாரத்தில் நிவாரணம்" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் ஏமாறாதீர்கள். பரிசோதனை இல்லாமல் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு கொடுக்கும் லேகியம் உங்கள் பணத்தைத் தீர்க்கும், கிருமியைத் தீர்க்காது.

எங்கே போவது? அங்கே என்ன செய்வார்கள்?

முதலில் உங்கள் கிராம சுகாதார நர்ஸிடம் சொல்லலாம். தடுப்பூசிக்கும் கர்ப்பிணிப் பதிவுக்கும் வருகிறவர் அவர்தான். பிறகு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். உத்திரமேரூர், வாலாஜாபாத், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் என்று எந்தப் பக்கத்தில் இருந்தாலும் உங்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. மேல் சிகிச்சைக்குக் காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கும் மருந்துக்கும் பணம் இல்லை.

டாக்டர் சில கேள்விகள் கேட்பார். எத்தனை நாளாக, என்ன நிறம், வலி உண்டா, கர்ப்பமா, கணவனுக்கு அல்லது மனைவிக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்பவை அவை. பெண்களைத் திரைக்குப் பின்னால் வைத்துப் பரிசோதிப்பார்கள். நர்ஸ் கூட இருப்பார். பெண் டாக்டர் வேண்டும் என்றால் கூசாமல் கேளுங்கள். நாட் என்ற நவீன பரிசோதனையில் ஆண்களின் சிறுநீரிலும், பெண்களிடம் பஞ்சுக் குச்சியால் எடுக்கும் கசிவிலும் கிளமிடியாவைத் துல்லியமாகக் காணலாம். ஆனால் அந்த வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருப்பதில்லை. இல்லாத இடத்தில் அறிகுறிகளை வைத்தே டாக்டர் மருந்து தருவார். அதுவும் முறையான வைத்தியம்தான்.

கூடவே நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும், சிபிலிஸ் பரிசோதனையும் செய்துகொள்ளச் சொல்வார்கள். பயப்பட வேண்டாம், செய்துகொள்ளுங்கள். போனில் யோசனை கேட்க 104 என்ற எண்ணுக்கும், எச்.ஐ.வி., பால்வினை நோய் பற்றிக் கேட்க 1097 என்ற எண்ணுக்கும் பேசலாம். பேர் சொல்ல வேண்டியதில்லை.

வரும் முன் காக்க

கணவனுக்கு மனைவி, மனைவிக்குக் கணவன் என்று இருப்பது முதல் பாதுகாப்பு. இருவரிடமும் நோய் இல்லாமலிருந்து, இருவரும் அப்படி உண்மையாக இருந்தால் இந்தக் கிருமி உள்ளே வர வழியே இல்லை.

இரண்டாவது பாதுகாப்பு ஆணுறை. 1968-ஆம் ஆண்டு முதல் நிரோத் என்ற பெயரில் அரசு இதை ஊர் ஊராகக் கொண்டு போயிற்று. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு என்றே பலரும் இதை நினைக்கிறார்கள். நோயைத் தடுப்பதும் இதன் வேலைதான். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

காப்பர்-டி, மாத்திரை, ஆண் அல்லது பெண் அறுவை சிகிச்சை இவை கர்ப்பத்தைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. "ஆபரேஷன் ஆயிடுச்சு, இனி ஒண்ணும் வராது" என்பது தவறான எண்ணம். வெள்ளைப்பாடோ அடிவயிற்று வலியோ உள்ள பெண், காப்பர்-டி போட்டுக்கொள்வதற்கு முன்பும், கருக்கலைப்பு செய்துகொள்வதற்கு முன்பும் அதைச் சொல்லிச் சிகிச்சை பெற வேண்டும். இல்லாவிட்டால் கிருமி மேலே ஏற வாய்ப்பு உண்டு.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி., சிபிலிஸ் பார்ப்பார்கள். கிளமிடியா அதில் தெரியாது. ஆகவே கர்ப்ப காலத்தில் நாற்றமுள்ள கசிவோ எரிச்சலோ இருந்தால் நீங்களாகவே சொல்ல வேண்டும்.

உள்ளுறுப்பை டெட்டாலோ சோப்போ போட்டுக் கழுவினால் நோய் போகும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகாது, எரிச்சல்தான் கூடும். வெறும் தண்ணீரால் வெளிப்புறத்தைக் கழுவினால் போதும்.

நினைவில் வையுங்கள்

ஒன்று: எரிச்சல், கசிவு, அடிவயிற்று வலி கண்டால் "சூடு" என்று தள்ளிப் போடாதீர்கள்.

இரண்டு: அறிகுறி இல்லாவிட்டாலும் நோய் இருக்கலாம். துணைவருக்கு இருந்தால் நீங்களும் காட்டுங்கள்.

மூன்று: இருவரும் ஒன்றாகப் போங்கள், ஒன்றாகச் சாப்பிடுங்கள், முழுதாகச் சாப்பிடுங்கள்.

நான்கு: யாரால் என்ற சண்டை மருந்தாகாது.

ஒருவேளை கூலி போனாலும் பரவாயில்லை, ஒரு நாள் காலையில் இருவருமாகப் புறப்பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். படித்து முடித்த பிறகு இந்தப் பிரசுரத்தை மடித்து வைத்துவிடாமல், புதிதாகக் கல்யாணமான தம்பி தங்கைகளுக்குக் கொடுங்கள்.